இல்லாத நாட்டை எதைக் கொண்டு கட்டுகிறார்கள்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் சாலை, கோமுகி அணையைத் தாண்டியதும் கல்வராயன் மலையில் ஏறத் தொடங்குகிறது. மேலே வெள்ளிமலை. சுற்றிலும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரில் பெரியண்ணன் கல்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்று அவர்களுடைய வழிவழிக் கதை சொல்கிறது.

மலையை ஆள்பவர்கள் என்று பெயர் இருந்தாலும், மலை அவர்கள் கையில் இல்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களிடம் இருந்தது. ஜாகிர் என்பது வரி வாங்கும் உரிமையோடு ஒரு குடும்பத்துக்கு வழிவழியாக விடப்பட்ட நிலப்பகுதி. நிலத்தின் உரிமையும் வரியும் ஜாகிர்தாருக்கு. கூலியில்லாத ஊழியமும் அவருக்கே. 1947-ல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. மலையில் ஜாகிர் தொடர்ந்தது. 1976-ல்தான் அரசு அதை முடிவுக்குக் கொண்டுவந்து நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைப் பற்றித் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. இந்தப் பழைய வரலாறு அந்த வழக்கில்தான் மறுபடியும் பேச்சுக்கு வந்தது.

இதைக் கேள்விப்படும் படித்த இளைஞர்கள் சிலர், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் வருவது போல் இருக்கிறதே என்பார்கள். அந்த ஒப்பீடு சரியா? சரியில்லை என்றால் எங்கே பிசகுகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், கொடிய ஆட்சிகளிலிருந்து ஒருவகை நாவல் எப்படிப் பிறக்கிறது என்பது விளங்கும்.

முதலில் இரண்டு சொற்கள். நாட்டில் எல்லாமே கெட்டுப்போய், ஆள்வோரின் பிடியிலிருந்து தப்ப வழியே இல்லாத ஒரு சமூகத்தைக் கற்பனையாகக் காட்டும் கதைக்கு டிஸ்டோபியா என்று பெயர். எல்லாம் நன்றாக அமைந்த கற்பனை நாட்டுக்கு எதிரானது. அடுத்தது, முற்றதிகாரம். அரசியலில் மட்டும் நில்லாமல் தொழில், குடும்பம், பள்ளி, மொழி, நினைவு வரை மனித வாழ்க்கை முழுவதையும் ஒரே அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவர முயலும் ஆட்சி முறை அது. இந்தக் கருத்துக்கு 1923-ல் இத்தாலியில் முதன்முதலில் பெயர் வைத்தவர் ஜியோவன்னி அமெண்டோலா. முசோலினியைக் கண்டித்து அவர் சொன்ன சொல்லை, முசோலினி பெருமையோடு தனக்கே சூட்டிக்கொண்டார்.

பழைய கொடுங்கோலன் வேறு, முற்றதிகாரம் வேறு. கொடுங்கோலனுக்கு வேண்டியது நெல், பணம், உழைப்பு, பணிவு. குடிமக்கள் மனத்துக்குள் அவனைச் சபித்தால் அவனுக்கு ஒன்றும் இல்லை. அது அவனுக்குத் தெரியவும் தெரியாது. முற்றதிகாரத்துக்கு அது போதாது. மனத்துக்குள்ளும் சபிக்கக் கூடாது. நேற்று நடந்தது நடக்கவில்லை என்று இன்று அரசு சொன்னால், அதை நம்பவும் வேண்டும். உண்மைக்கும் புனைவுக்கும் வேறுபாடு காணத் தெரியாதவனே இத்தகைய ஆட்சிக்கு ஏற்ற குடிமகன் என்று ஹன்னா அரெண்ட் 1951-ல் முதலில் வெளியிட்ட தம் பெரிய ஆய்வின் பிந்தைய பதிப்பில் விளக்கினார்.

இதற்குக் கருவிகள் வேண்டும். அச்சகம், வானொலி, அடையாள அட்டை, கோப்பு, தொலைபேசி, ஊருக்கு ஊர் கட்சிக் கிளை. கல்வராயன் ஜாகிரில் இவை எதுவும் இல்லை. அங்கே ஆட்சி உடலையும் நிலத்தையும் பிடித்தது. கதையையும் நினைவையும் பிடிக்க அதற்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை. பெரியண்ணன் கதையை மலை மக்கள் தடையில்லாமல் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஜாகிரின் கொடுமை சிறியது என்று இதற்குப் பொருள் இல்லை. கூலியில்லாமல் உழைத்தவருக்கு அந்த ஆட்சியின் வகை என்ன என்பது ஆறுதல் தராது. ஆனால் எழுத வருபவருக்கு வகை முக்கியம். ஜாகிரைப் பற்றி எழுத யதார்த்த நாவல் போதும். டிஸ்டோபியா பிறப்பது, ஆட்சி மனிதனின் தலைக்குள் நுழையும் இடத்தில்.

எப்படிப் பிறக்கிறது? ஆர்வெல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் க.நா.சு. அவருடைய ‘விலங்குப் பண்ணை’, ‘1984’ இரண்டையும் மொழிபெயர்த்திருக்கிறார். எனவே நம் வாசகருக்கு அவர் புதியவர் அல்லர்.

ஜார்ஜ் ஆர்வெல் 1903-ல் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேய அரசின் அபினித் துறையில் அதிகாரி. ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக வேலை பார்த்தார். பிடித்துவரப்பட்டவனின் முகத்தை அதிகாரத்தின் பக்கம் நின்று பார்த்தவர் அவர். பிறகு 1937-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்துச் சண்டையிட்டார். அவர் எந்தச் சிறு கட்சியின் படையில் சேர்ந்திருந்தாரோ அந்தக் கட்சியை, சோவியத் ஆதரவு பெற்ற கம்யூனிஸ்டுகள் துரோகிகள் என்று முத்திரை குத்தினார்கள். பார்சிலோனாவில் தோழர்கள் சிறைப்பட்டார்கள். ஆர்வெல்லும் மனைவியும் எல்லையைத் தாண்டித் தப்பினார்கள். அப்போது அவரை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. சண்டையே நடக்காத இடத்தில் பெரும் போர் நடந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நூற்றுக்கணக்கானோர் செத்த இடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த தலைமுறைக்கு எது வரலாறாகப் போய்ச் சேரும் என்ற கேள்வி அவரை அதன் பிறகு விடவே இல்லை.

1941 முதல் 1943 வரை பிபிசியின் கீழைப் பிரிவில் இந்திய நேயர்களுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். ஒவ்வொரு பிரதியும் தணிக்கைக்குப் போய் வரும். மனைவி ஐலீன் போர்க்கால அரசின் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தார். ‘1984’ நாவலில் பொய்யை உற்பத்தி செய்யும் அமைச்சகத்துக்கு உண்மை அமைச்சகம் என்று பெயர். அதன் கட்டடத்துக்கு மாதிரி, பிரிட்டனின் தகவல் அமைச்சகம் இயங்கிய லண்டன் செனட் ஹவுஸ் என்பது பரவலான கருத்து. கதையில் வரும் நாடு சோவியத் ரஷ்யாவைப் போல இருக்கிறது. அதன் அலுவலகமோ லண்டனில் அவர் நாள்தோறும் பார்த்த அலுவலகம் போல இருக்கிறது. இதைக் கவனிக்காமல், ‘1984’ ரஷ்யாவைத் திட்டும் நாவல் என்று மட்டும் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

மற்ற பகுதிகளும் இப்படித்தான் வந்து சேர்ந்தவை. இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஒப்புக்கொள்ள வைக்கும் காட்சிக்குப் பின்னால் ஒரு நிஜ முழக்கம் இருந்தது. சோவியத்தின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை நான்கே ஆண்டுகளில் முடிப்போம் என்பதை, அந்தத் தவறான கூட்டல் கணக்காகவே சுவரொட்டியில் போட்டார்கள். மாஸ்கோவில் இருந்த பத்திரிகையாளர் யூஜின் லயன்ஸ் அதைத் தம் நூலில் பதிவு செய்தார். அந்த நூலுக்கு 1938-ல் மதிப்புரை எழுதியவர் ஆர்வெல். நாவலில் எல்லோரும் வெறுக்க வேண்டிய எதிரி கோல்ட்ஸ்டைன். அவருக்கு மாதிரி, ஸ்டாலினால் நாடு கடத்தப்பட்டு 1940-ல் மெக்சிகோவில் கொல்லப்பட்ட டிராட்ஸ்கி.

நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் வேலை பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது. ஆட்சியின் இன்றைய கூற்றுக்குப் பொருந்தாத பழைய செய்தியை எடுத்து, புதிதாக எழுதி, பழையதைச் சுவரில் உள்ள ஒரு துளையில் போட வேண்டும். உள்ளே நெருப்பு. இது மிகையான கற்பனையா? ஸ்டாலின் மாஸ்கோ கால்வாயோரம் நிற்கும் ஒரு புகைப்படம் உண்டு. அவர் பக்கத்தில் குள்ளமாக ஒருவர் நிற்கிறார். இரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ். 1940-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே படம் மறுபடி வந்தபோது அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் இருந்தது. யாரோ ஒரு கலைஞர் மேசையில் குனிந்து உட்கார்ந்து, கோட்டை அழித்து, தொப்பியை அழித்து, அந்த இடத்தில் அலைகளை வரைந்திருக்கிறார். வின்ஸ்டனுக்கு நிஜத்தில் இருந்த சக ஊழியர் அவர்.

ஆர்வெல் இறந்தது 1950 ஜனவரியில். நான்கு ஆண்டுகள் கழித்து, சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குச் சில பக்கங்கள் தபாலில் வந்தன. வீழ்ச்சியடைந்த போலீஸ் தலைவர் பெரியாவைப் பற்றிய கட்டுரையை வெட்டி எடுத்துவிட்டு, பெரிங் கடலைப் பற்றிய பக்கங்களை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று குறிப்பு. கத்தரிக்கோலும் பசையும் வாசகர் கையில். ஆட்சி திருத்தும் வேலையைக் குடிமகனின் வீட்டுக்கே அனுப்பிவிட்டது.

இங்கே எழுத்தாளர் செய்வதை நான்கு செயல்களாகப் பிரித்துப் பார்க்கலாம். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலத்தில் நடந்தவற்றைப் பொறுக்கி எடுக்கிறார். அவற்றை ஒரே இடத்தில் குவிக்கிறார். நம் பகுதியில் கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்குவதைப் போன்றது இது; சாற்றில் இல்லாத எதுவும் வெல்லத்தில் இல்லை, தண்ணீர் மட்டும் போய்விட்டது. நிஜ ஆட்சிகளில் தண்ணீர் நிறைய உண்டு. லஞ்சம் வாங்கிக்கொண்டு விட்டுவிடும் காவலர், சோம்பேறி அதிகாரி, எல்லைக்கு அப்பால் உறவினர், எதையும் மறக்காத பாட்டி. மூன்றாவதாக, இந்த வழிகளை எல்லாம் எழுத்தாளர் அடைக்கிறார். நான்காவதாக, கதையை எதிர்காலத்துக்கோ வேறு நாட்டுக்கோ நகர்த்துகிறார். அந்த நகர்த்தல்தான் டிஸ்டோபியாவை வாக்குமூலத்திலிருந்து பிரிக்கிறது.

ஆர்வெல்லுக்கு முன்னோடி, ரஷ்யாவின் யெவ்கேனி ஜாமியாத்தின். ஜார் காலத்திலும் சிறைக்குப் போனார், போல்ஷெவிக்குகள் காலத்திலும் போனார். தொழிலால் கப்பல் பொறியாளர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் டைன் நதிக்கரைக் கப்பல் கட்டும் தளங்களில் பனியுடைக்கும் கப்பல்களைக் கட்டும் வேலையை மேற்பார்த்தார். 1920-21-ல் அவர் எழுதிய ‘நாம்’ நாவலில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண் உண்டு. வீடுகள் கண்ணாடியால் ஆனவை. புரட்சி ஆட்சியின் கட்டுப்பாடு ஒரு பக்கம், தொழிற்சாலையில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நொடிக்கணக்கில் அளந்த அமெரிக்க நிர்வாக முறை மறு பக்கம், இரண்டையும் சேர்த்தார். 1924-ல் அது ஆங்கிலத்தில் வந்தது. எழுதப்பட்ட நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சில சமயம் ஒரே அறைக்குள் இரண்டு ஆட்சிகள் கலக்கும். ஆர்தர் கோஸ்லர் 1940-ல் வெளியிட்ட ‘நடுப்பகலில் இருட்டு’ நாவலில், தான் செய்யாத குற்றங்களை ஒப்புக்கொள்ளும் ஒரு பழைய புரட்சியாளர் சிறையில் இருக்கிறார். பழைய புரட்சித் தலைவர்கள் மீது ஸ்டாலின் நடத்திய 1936-38 மாஸ்கோ வழக்குகள்தான் அடிப்படை. அவற்றில் 1938 மார்ச்சில் மரண தண்டனை பெற்ற புகாரினின் சாயல் அந்த நாயகனிடம் பளிச்சென்று தெரியும். ஆனால் சிறை அறையின் தனிமை, காலடி ஓசைக்குக் காது கொடுக்கும் இரவு, இவை கோஸ்லர் 1937-ல் ஸ்பெயினில் பிராங்கோவின் செவிய்யா சிறையில் மரண பயத்தோடு தாமே கழித்த நாள்கள். விசாரணை முறையைச் சொன்னவர், சோவியத் சிறையில் இருந்து வந்த அவருடைய தோழி ஈவா ஸ்ட்ரைக்கர். வலதுசாரிச் சர்வாதிகாரத்தின் அறையில் இடதுசாரிச் சர்வாதிகாரத்தின் கைதியை உட்கார வைத்திருக்கிறார். படிக்கும்போது தையல் தெரியவில்லை. இரண்டு ஆட்சிகளும் கொள்கையில் எதிரிகளாக இருந்தும் செய்முறையில் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

புகாரின் கதை தமிழுக்கும் வந்தது. கைதாவதற்கு முன் அவர் எழுதிய கடைசிக் கடிதத்தை இளம் மனைவி அன்னா லாரினா மனப்பாடம் செய்தார். தாளை வைத்திருப்பது ஆபத்து. சிறையிலும் நாடு கடத்தலிலும் கழிந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றினார். 1988-ல் புகாரின் குற்றமற்றவர் என்று சோவியத் அரசு அறிவித்தது. ஜெயமோகன் 1999-ல் எழுதிய ‘பின்தொடரும் நிழலின் குரல்’ இந்த வரலாற்றை நாகர்கோவில் பக்கத்துத் தொழிற்சங்க உலகத்துக்குக் கொண்டுவந்தது. அருணாசலம் என்ற தொழிற்சங்கவாதி, கட்சியின் நினைவிலிருந்தே துடைத்தெறியப்பட்ட வீரபத்திர பிள்ளை என்ற பழைய தோழரின் எழுத்துகளைக் கண்டெடுக்கிறான். மாஸ்கோவில் புகைப்படத்திலிருந்து ஆளை அழித்ததும், ஓர் ஊர்க் கிளையில் ஒரு தோழரின் பெயரைப் பேச்சிலிருந்து அழித்ததும் ஒரே வேலையின் இரண்டு அளவுகள் என்று நாவல் காட்டுகிறது. நாவலின் அரசியல் முடிவுகளை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் அழித்தல் எப்படி நடக்கிறது என்பதை அது நுணுக்கமாகப் பிடித்திருக்கிறது.

நகர்த்தாமல் எழுதிய நாவலும் தமிழில் உண்டு. இலங்கையில் நடந்த 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஈழத்து இளைஞர்கள் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்து இயக்கங்களில் சேர்ந்தார்கள். புளொட் என்று அறியப்பட்ட தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தின் முகாம்கள் தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்தன. வந்தவருக்கு முதலில் வீட்டுப் பெயர் போய் இயக்கப் பெயர் வரும். பாதுகாப்புக்காக என்று தொடங்கிய ஏற்பாடு அது. முகாமை விட்டு வெளியே போக முடியாது. போனாலும் கையில் காசு இல்லை, ஊர் கடலுக்கு அப்பால். கேள்வி கேட்டவர் உளவாளி எனப்பட்டார். உளவாளி எனப்பட்டவருக்கு அடி, சித்திரவதை, சிலருக்குச் சாவு. அங்கிருந்து வெளியேறிய ஒருவர் கோவிந்தன் என்ற புனைபெயரில் 1985-ல் வெளியிட்ட நாவல் ‘புதியதோர் உலகம்’. தலைப்பு பாரதிதாசன் பாடலிலிருந்து எடுத்தது. பொன்னுலகம் ஒன்றுக்குப் புறப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடம் எது என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இந்த நாவலில் எதிர்காலம் இல்லை, கற்பனை நாடு இல்லை. எழுதியவருக்கு நகர்த்தி எழுத நேரமும் இல்லை. நண்பர்கள் இன்னும் உள்ளே இருந்தார்கள். ஆனாலும் ஜாமியாத்தினைப் படித்தவர் இதைப் படித்தால் பழகிய உலகம்தான் தெரியும். பெயர் பறிபோதல், வழி அடைபடுதல், கேள்வியே குற்றமாதல், கொள்கையின் மொழியிலேயே தண்டனை. டிஸ்டோபியா எழுத்தாளர் செயற்கையாக அடைக்கும் வழிகள், ஒரத்தநாட்டு முகாமில் இயல்பாகவே அடைபட்டிருந்தன. அரசு என்ற ஒன்று இல்லாமலும், ஒரு தோப்புக்குள்ளும் முற்றதிகாரம் அமைய முடியும் என்பதை உலக நாவல்களில் பலவற்றைவிட இது தெளிவாகக் காட்டுகிறது. பின்னாளில் கோவிந்தனை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை.

கவிதையில் நகர்த்தல் இன்னும் எளிதாக நடக்கும். 1981 மே 31 இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. எம்.ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ கவிதையில், சிவில் உடையில் வந்த போலீசார் நூலகப் படிக்கட்டில் புத்தரைச் சுட்டுக் கொல்கிறார்கள். உடலைப் புத்தகங்களோடு எரிக்கிறார்கள். நெருப்பு நிஜம். புத்தர் மட்டுமே கவிஞர் சேர்த்தது. எரித்தவர்கள் யாருடைய பெயரால் ஆண்டார்களோ, அவரையே அந்த நெருப்பில் கொண்டுவந்து வைத்ததில் செய்தி அறிக்கை சொல்ல முடியாதது சொல்லப்பட்டுவிட்டது.

மார்கரெட் அட்வுட் இந்த முறையை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டார். 1984-ல் மேற்கு பெர்லினில் எழுதத் தொடங்கி 1985-ல் அவர் வெளியிட்ட ‘பணிப்பெண்ணின் கதை’யில், மனித வரலாற்றில் எங்கேனும் ஏற்கெனவே நடக்காத எதையும் சேர்ப்பதில்லை என்பது விதி. பிள்ளை பெறுவதற்காகவே பெண்களை வைத்திருக்கும் நாடு கதையில் வருகிறது. ருமேனியாவில் சௌசெஸ்கு 1966-ல் பிறப்பித்த ஆணை கருக்கலைப்பைத் தடை செய்தது. வேலையிடத்திலேயே பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று சோதித்தார்கள். அர்ஜென்டீனாவின் ராணுவ ஆட்சியில், கொல்லப்பட்ட கைதிகளின் குழந்தைகளை அதிகாரிகளின் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. வாசகர் இவ்வளவு கொடுமை நடக்குமா என்று கேட்டால், எங்கே எப்போது நடந்தது என்று காட்ட அட்வுட்டிடம் பத்திரிகை நறுக்குகள் இருந்தன.

இந்தியாவுக்கு வருவோம். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நெருக்கடி நிலை நீடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்கள். 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பல கட்டாயத்தின் பேரில். ஆட்சியைக் கேலி செய்து எடுக்கப்பட்ட ‘கிஸ்ஸா குர்சி கா’ என்ற இந்திப் படத்தின் பிரதிகள் குர்கானில் எரிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. விசாரணையின்றிக் காவலில் வைக்க உதவிய மிசா சட்டத்தில் கைதானவர்கள் சென்னை மத்தியச் சிறையில் அடிக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிரிழந்தார். அவருடைய சிறைக் குறிப்புகள் பின்னர் நூலாயின. சிறையில் நடந்ததை நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. கம்பனில் தோய்ந்தவராக நாம் அறிந்த அதே இஸ்மாயில்தான். சல்மான் ருஷ்டியின் ‘நள்ளிரவின் குழந்தைகள்’ 1981-லும், ரோஹின்டன் மிஸ்திரியின் நாவல் 1995-லும் இந்தக் காலத்திலிருந்து எழுந்தன.

நெருக்கடி நிலை முற்றதிகாரம் அல்ல. தேர்தல் வைக்கப்பட்டது, ஆட்சி தோற்றது, தோற்றதும் விலகியது. அது ஸ்டாலினிசத்தோடு ஒரே வரிசையில் நிற்காது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலையில் ஜாகிர் முடிந்த 1976, இதே நெருக்கடி நிலையின் நடுவில் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. சென்னைச் சிறையில் மனிதர்கள் அடிபட்ட காலமும், வெள்ளிமலையில் கூலியில்லா ஊழியம் சட்டப்படி முடிந்த காலமும் ஒன்றே. ஒரு டிஸ்டோபியா நாவல் இந்த முரணைத் தாங்காது. வழிகளை அடைத்துக்கொண்டே போகும் கலை வடிவம் அது. ஒரே அதிகாரம் ஓரிடத்தில் கதவைச் சாத்தி இன்னோரிடத்தில் திறப்பதைக் காட்ட அதில் இடம் இல்லை. இது அந்த வடிவத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். எல்லை என்று சொல்வேன்.

அதனால்தான் எந்த அடக்குமுறையைப் பார்த்தாலும் ‘1984’ என்று சொல்லிவிடுவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. நாவல் நமக்குக் காட்டுவது செய்முறையை: பதிவு எப்படி மாற்றப்படுகிறது, பெயர் எப்படிப் பறிக்கப்படுகிறது, பொய்யை ஒப்புக்கொள்ள வைப்பது எப்படி என்பதை. நம் கண்ணுக்கு முன்னால் நடப்பதில் அந்தச் செய்முறை இருக்கிறதா, எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை ஆவணங்கள்தான் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஆவணத்துக்கும் அழிவு உண்டு என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று இருக்கிறது. நெருக்கடி நிலையை விசாரித்த நீதிபதி ஷா ஆணையம் 1978-ல் மூன்று அறிக்கைகளைத் தந்தது. 1980-ல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு அவற்றின் பிரதிகள் கிடைப்பதே அரிதாயிற்று. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இரா. செழியன் தம்மிடம் ஒரு பிரதியை வைத்திருந்தார். 2010-ல் அதை அவரே பதிப்பித்துச் சென்னையிலிருந்து வெளியிட்டார். ஆர்வெல் நாவலில் வின்ஸ்டன் கைக்கும் ஒருமுறை அப்படி ஒரு துண்டுத் தாள் வருகிறது. ஆட்சியின் பொய்யை நிரூபிக்கும் புகைப்படம் அதில் இருக்கிறது. சில நிமிடங்கள் கையில் வைத்திருந்துவிட்டு, பயத்தில் அதைத் துளைக்குள் போட்டுவிடுகிறான். செழியன் தம் பிரதியை முப்பது ஆண்டுகள் வைத்திருந்தார்.